நாற்றின் வேரில் குடியேறும் பூஞ்சை

தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற காய்கறிப் பயிர்களின் நாற்றுகள் முன்பு வயலின் ஓரத்தில் தொழு உரம் கலந்து அமைத்த மேட்டுப்பாத்திகளிலேயே வளர்க்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டின் வணிக நாற்றுப் பண்ணைகளில் அவை நிழல்வலைக் குடில்களுக்குள், பெரும்பாலும் 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகளில், மக்கவைத்த தென்னை நார்க்கழிவில் வளர்கின்றன. இந்த மாற்றத்தால் விலையுயர்ந்த வீரிய ஒட்டு விதைகள் வீணாவது குறைந்தது. நாற்றுகள் ஒரே சீராக வந்தன. வேர்க்கட்டு கலையாமல் எடுத்து நடவும் முடிந்தது. ஆனால் வயல் மண் நாற்றங்காலை விட்டு வெளியேறியபோது, அதில் இயல்பாகவே வாழ்ந்து, விதை முளைத்த சில வாரங்களுக்குள் இளவேருக்குள் புகுந்து, பயிர் அறுவடையாகும் வரை அதற்கு மணிச்சத்து தேடிக் கொடுத்துவந்த பூஞ்சைகளும் உடன் வெளியேறிவிட்டன. நோய்க்கிருமிகள் குறைந்த தூய ஊடகம் என்று நார்க்கழிவைப் பாராட்டும்போது, நன்மை செய்யும் உயிர்களும் அதில் அதே அளவுக்குக் குறைவு என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. பூஞ்சை உயிர் உரங்களைப் பற்றிய பேச்சை வயலில் தொடங்காமல் நாற்றங்காலில் தொடங்குவது இதனாலேயே பொருத்தமாகிறது.

வேரும் பூஞ்சையும் கூடி வாழும் இந்த ஏற்பாட்டுக்கு மைக்கோரைசா என்று 1885-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர். டிரஃபிள் எனப்படும் விலைமதிப்புள்ள நிலத்தடிக் காளானைப் பயிரிட்டு வளர்க்க வழியுண்டா என்று ஆராயும் பணி புருசிய அரசால் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்தப் பணியில் டிரஃபிள் சாகுபடிக்கு வழி கிடைக்கவில்லையெனினும், காட்டு மரங்களின் நுனிவேர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒரு பூஞ்சை உறை மூடியிருப்பதை அவர் கண்டார். அந்தப் பூஞ்சை மரத்துக்கு நோய் செய்வதில்லை, உணவூட்டவே செய்கிறது என்றும் வாதிட்டார். பூஞ்சை என்றாலே நோய் என்று கருதப்பட்ட காலத்தில் இக்கருத்து கடும் எதிர்ப்பைச் சந்தித்ததால், வெப்பத்தால் தூய்மையாக்கிய மண்ணிலும் தூய்மையாக்காத காட்டு மண்ணிலும் பைன் நாற்றுகளை அருகருகே வளர்த்து, பூஞ்சை உள்ள மண்ணின் நாற்றுகளே செழித்ததை அவர் காட்டினார். நன்மை செய்யும் பூஞ்சைக்கான முதல் சான்றுகளுள் ஒன்று நாற்றுகளைக் கொண்டே நிறுவப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஃபிராங்க் கண்டது வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தும் வகை. அது பைன், ஓக், யூக்கலிப்டஸ் போன்ற மரங்களுக்கு உரியது. உணவுப் பயிர்களில் பெரும்பாலானவை வேறொரு வகைப் பூஞ்சையோடு உறவு கொண்டுள்ளன. அது வேரின் புறணி செல்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வதால் தமிழில் வேர் உட்பூசணம் எனப்படுகிறது. உரக்கடைகளிலும் வேளாண் அலுவலகங்களிலும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வேம்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். இந்த உறவு மிகப் பழமையானது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரருகே கிடைத்த, சுமார் 40.7 கோடி ஆண்டு பழமையான புதைபடிவங்களில், உண்மையான வேர் இன்னும் தோன்றாத ஆதித் தாவரங்களின் தண்டுகளுக்குள்ளேயே இவ்வகைப் பூஞ்சையின் தெளிவான அமைப்புகள் காணப்படுகின்றன. வேர் தோன்றுவதற்கு முன்பே வேரின் துணை தோன்றிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேரில் எந்த வேறுபாடும் தெரியாது. சின்ன வெங்காயத்தின் இளவேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, செல்களில் உள்ள பொருள்களைக் கரைத்து நீக்கி, மென்மையான அமிலத்தில் நனைத்து, டிரைபேன் புளூ என்னும் நீலச் சாயத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கண்ணாடிபோல் தெளிந்துவிட்ட வேரின் ஊடே நீல இழைகள் ஓடுவது தெரியவரும். சில இழைகள் செல்களுக்கு இடையே நீளவாக்கில் செல்கின்றன. சில பக்கவாட்டில் திரும்பி ஒரு செல்லின் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்து, ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் கிளைத்து, கடைசியில் செல் முழுவதையும் நிரப்பும் ஒரு குட்டி மரமாக நிற்கின்றன. ஆர்பஸ்கியூல் எனப்படும் இந்தக் கிளையமைப்பைச் சுற்றிலும் தாவரச் செல்லின் சவ்வு கிழிபடாமல் மடிந்து மடிந்து போர்த்திக்கொள்கிறது. பூஞ்சையின் சவ்வுக்கும் தாவரத்தின் சவ்வுக்கும் நடுவே எஞ்சும் அந்த மெல்லிய இடைவெளியில்தான் கொடுக்கல் வாங்கல் முழுவதும் நடைபெறுகிறது. ஆர்பஸ்கியூல் ஒன்றின் ஆயுள் சில நாள்களே. அது சிதைந்ததும் செல் பழைய நிலைக்குத் திரும்பிவிட, பூஞ்சை வேறொரு செல்லில் புதிதாகக் கிளைக்கிறது. வேரில் ஆங்காங்கே தென்படும் முட்டை வடிவப் பைகள் பூஞ்சை தன் எண்ணெய்ச் சேமிப்பை வைத்துக்கொள்ளும் இடங்கள்.

பயிர் இத்தனைக்கும் இடங்கொடுப்பதற்குக் காரணம் மணிச்சத்தின் இயல்பு. தழைச்சத்தின் நைட்ரேட் வடிவம் நீரில் கரைந்து நீரோடு வேரை நோக்கி வந்து சேரும். மணிச்சத்தோ சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் கால்சியத்தோடும், செம்மண்ணில் இரும்பு, அலுமினியம் ஆகியவற்றோடும் பிணைந்து நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்தபின், அந்தச் சிறு வட்டம் வறண்டுபோக, வெளியே மணிச்சத்து இருந்தும் உள்ளே பட்டினி என்ற நிலை ஏற்படுகிறது. வேர்த்தூவிகளைக் காட்டிலும் மெல்லியவையான, சில மைக்ரான் மட்டுமே தடிமன் கொண்ட பூஞ்சை இழைகள் அந்த வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தொலைவு பரவி, வேரால் நுழைய இயலாத மண் நுண்துளைகளிலும் புகுந்து, பாஸ்பேட்டைச் சேகரித்து, பல மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த வடிவில் இழைக்குள்ளேயே வேருக்குக் கடத்துகின்றன. மண்ணில் எளிதில் நகராத துத்தநாகமும் தாமிரமும் இவ்வாறே வந்து சேர்கின்றன. தூவிகள் குறைந்த, தடித்த, அதிகம் கிளைக்காத வேர்களைக் கொண்ட வெங்காயமும் மரவள்ளியும் இந்தப் பூஞ்சையைப் பெரிதும் சார்ந்திருப்பதும், நுண்ணிய வேர்கள் அடர்ந்த புல்லினப் பயிர்கள் அந்த அளவுக்குச் சார்ந்திராததும் இதனால் விளங்கும்.

இதற்குப் பயிர் கொடுக்கும் விலையும் குறைவானதன்று. ஒளிச்சேர்க்கையால் உருவாக்கும் கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குச் செல்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நெடுங்காலமாக அது சர்க்கரையாக மட்டுமே செல்கிறது என்று எண்ணப்பட்டது. இந்தப் பூஞ்சைகளால் கொழுப்பு அமிலங்களைத் தாமாகவே புதிதாக உருவாக்க இயலாது என்பதும், அவற்றைத் தாவரமே தயாரித்து ஊட்டுகிறது என்பதும் 2017-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்களால் உறுதிப்படுத்தப்பட்டன. உயிருள்ள வேர் இல்லாமல் இவற்றை ஆய்வகத்தில் தனியே வளர்க்க முடியாமல் போனதற்கான முக்கியக் காரணம் அதன் பின்னரே தெளிவாயிற்று.

விலை கொடுக்க வேண்டியிருப்பதால் பயிர் தேவையில்லாதபோது பூஞ்சையை அழைப்பதில்லை. மணிச்சத்துக்குத் தவிக்கும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் எனப்படும் வேதிப்பொருள்களை மிக நுண்ணிய அளவில் மண்ணில் கசியவிடுகிறது. அவற்றை உணர்ந்த பூஞ்சை இழை பலவாகக் கிளைத்து வேரைத் தேடி வருகிறது. இந்த அழைப்பை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர் கோஹ்கி அகியாமாவும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். ஆனால் இதே வகைப் பொருள் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1966-இல், பருத்தி வேரின் கசிவிலிருந்து வேறொரு காரணத்துக்காகப் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. சோளக் காட்டை அழிக்கும் வேர் ஒட்டுண்ணியான சுடுமல்லியின் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, அருகில் வேர் வந்ததும் முளைப்பது எதனால் என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை அது. நண்பனை அழைக்கப் பயிர் வெளியிடும் குறிப்பை எதிரியும் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

நாற்றுப் பண்ணைக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி கசப்பானது. வேருக்கு மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது ஸ்ட்ரைகோலாக்டோன் கசிவு குறைகிறது. பூஞ்சை ஊடகத்தில் இருந்தாலும் வேருக்குள் போதிய அளவு குடியேறுவதில்லை. குழித்தட்டு நாற்றுகளுக்கு 19:19:19 போன்ற நீரில் கரையும் உரத்தைத் தொடர்ந்து தெளித்து, கரும்பச்சையாக்கி விற்பதற்குப் பழகிய பண்ணை, ஊடகத்தில் வேம் கலப்பதை மட்டும் புதிதாகச் சேர்த்தால், இரண்டுக்கும் செலவு செய்து ஒன்றின் பயனையே அடையும். பூஞ்சையை இடுவதோடு பணி முடிவதில்லை. மணிச்சத்தைக் குறைத்து நாற்றை ஓரளவு பசியோடு வைத்திருக்கும் துணிவும் வேண்டும். உயிர் உரப் பைகளில் அச்சிடப்படும் பரிந்துரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

மற்றொரு சிக்கல் காலத்தைச் சார்ந்தது. பூஞ்சை முளைத்து, வேரை அடைந்து, அதன் கணிசமான பகுதியில் பரவ மூன்று நான்கு வாரங்கள் பிடிக்கும். தக்காளி நாற்றோ சுமார் 25 நாள்களில் வயலுக்குப் போய்விடுகிறது. தொடக்க வாரங்களில் இரண்டு மூன்று இலைகளே உள்ள நாற்று தன் சிறிய கரிம வருவாயில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுப்பதால், பூஞ்சை இடாத நாற்றைவிட அது சற்றுக் குட்டையாகவும் இருக்கக்கூடும். பயனெல்லாம் நடவுக்குப் பிறகே தெரியவரும்: பிடுங்கி நட்ட அதிர்ச்சியிலிருந்து நாற்று விரைவில் மீளும், வறண்ட சில நாள்களைத் தாங்கும், நட்ட இடத்தில் கிடக்கும் மணிச்சத்தை உடனே எடுக்கத் தொடங்கும். உயரத்தையும் நிறத்தையும் பார்த்து விலை பேசப்படும் சந்தையில், நாற்று வளர்ப்பவர் செலவு செய்து அதை வாங்கி நடுபவர் பலனடையும் இந்த ஏற்பாடு மெல்லவே பரவுவதில் வியப்பில்லை. பாலித்தீன் பைகளில் மாதக்கணக்கில் வளரும் பப்பாளி, எலுமிச்சை, காப்பி, மரக்கன்றுகள் ஆகியவற்றிலும், கிருமிநீக்கிய குடுவையிலிருந்து எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வெளியே வரும் திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளைப் பக்குவப்படுத்தும் கட்டத்திலும் பூஞ்சைக்குப் போதிய அவகாசம் கிடைப்பதால், அங்கே பலன் தெளிவாகத் தெரிகிறது.

உயிருள்ள வேர் இல்லாமல் வளராத ஓர் உயிரைப் பை பையாக உற்பத்தி செய்வது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை எளிமையானது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட குழியில் கருப்புப் பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டையும் 5 கிலோ தூய்மையாக்கிய மண்ணையும் கலந்து நிரப்பி, மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஒரு கிலோ தாய்ப் பூஞ்சையைப் பரப்பி, மேற்புறம் கிருமிநீக்கம் செய்த மக்காச்சோள விதைகளை விதைக்கிறார்கள். வெர்மிகுலைட் என்பது சூடாக்கி உப்பச் செய்த ஒருவகைக் கனிமம். எடை குறைந்தது, நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது. குழிக்கு இடும் சூப்பர் பாஸ்பேட் இரண்டே கிராம் என்பது, மேலே சொன்ன பசியின் தத்துவம் உற்பத்தியிலும் பின்பற்றப்படுவதைக் காட்டுகிறது. அறுபது நாள்களில் செடிகளின் வேர்களை வெட்டிச் சேர்த்து, பூஞ்சை வித்துகள், இழைத் துணுக்குகள், வேர்த் துண்டுகள், வெர்மிகுலைட் எல்லாம் கலந்த 55 கிலோ கலவை கிடைக்கிறது. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம் என்ற அளவில் விதைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டால், கீழிறங்கும் முதல் வேர் பூஞ்சையைத் தொட்டுக்கொண்டே செல்லும். மேலே தூவிவிட்டு நீர் ஊற்றுவது பெரும்பாலும் வீண்.

இந்தியாவில் இத்துறைக்கு நீண்ட மரபு உண்டு. மைக்கோரைசா பற்றிய முதல் ஆசிய மாநாடு 1988 சனவரியில் சென்னையில்தான் நடைபெற்றது. அதே ஆண்டில் பெக்கார், ஃபோர்த்தான் என்னும் இரு ஆய்வாளர்கள், மரபணு மாற்றத்தால் செடியில்லாமலே வளரும் கேரட் வேர்களில் இப்பூஞ்சையைக் கண்ணாடித் தட்டுக்குள் வளர்க்கும் முறையை வெளியிட்டனர். அந்த வழியில் வந்த தூய வித்துகளைக் கொண்டு டெல்லியின் டெரி நிறுவனம் வணிக உற்பத்திக்குத் தொழில்நுட்பம் உருவாக்கியது. வேரே தேவைப்படாமல் சாதாரண ஊட்டக்கூழில் வளர்ந்து, இதேபோன்ற நன்மைகள் பலவற்றைச் செய்யும் வேறொரு குடும்பத்துப் பூஞ்சையான பிரிஃபார்மோஸ்போரா இண்டிகாவை 1998-இல் அஜித் வர்மாவும் உடன் ஆய்ந்தவர்களும் விவரித்தனர். தார் பாலைவனத்தில் அது கிடைத்த வேர்மண், தமிழகத்தில் வேரோடு பிடுங்கி எறியப்படும் சீமைக் கருவேலத்தினுடையது.

நாற்றங்காலில் பயன்படும் மற்றொரு பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை உட்பூசணத்தோடு சேர்த்து ஒன்றாகப் பேசுவது வழக்கமாகிவிட்டாலும், இரண்டின் தொழிலும் வேறு. டிரைக்கோடெர்மா மட்கும் பொருள்களை உண்டு தானே வாழக்கூடியது. வித்துகள் முற்றும்போது பச்சையாகத் தெரிவது. பிற பூஞ்சைகளின் இழைகளைச் சுற்றி வளைத்து, அவற்றின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளிருப்பதை உண்பது. ரைசாக்டோனியா என்னும் நோய்ப்பூஞ்சையை அது இவ்வாறு அழிப்பதை 1932-இல் ரிச்சர்ட் வைண்ட்லிங் வெளியிட்டார். முளைத்த நாற்றுகள் மண்மட்டத்தில் நீர்க்கோத்து மெலிந்து சாயும் நாற்றழுகல் நோய்க்கு எதிராக, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைநேர்த்தி செய்வது தமிழ்நாட்டில் நன்கு வேரூன்றிய பரிந்துரை. இதில் அடிக்கடி நேரும் பிழை, அதே விதையை கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியிலும் நேர்த்தி செய்வது. அந்த மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும், உட்பூசணத்தையும் பாதிக்கும். நாற்றழுகலுக்கு முதன்மைக் காரணமான பித்தியத்தையோ அது ஒன்றும் செய்வதில்லை. பித்தியம் பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மைப் பூஞ்சைகளின் கூட்டத்தைச் சேராத நீர்வாழ் மரபினது என்பதே அதற்குக் காரணம்.

எல்லாப் பயிர்களுக்கும் உட்பூசணம் பொருந்தாது. முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை அடங்கிய கடுகுக் குடும்பமும், பீட்ரூட்டும் பாலக்கும் அடங்கிய குடும்பமும் இந்த உறவை எப்போதோ கைவிட்டுவிட்டன. தண்டுக்கீரை வகைகளிலும் அது பெரும்பாலும் இல்லை. நீலகிரியில் ஒரே தோட்டத்தில் மாறி மாறிப் பயிராகும் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் பூஞ்சை வேண்டும். முட்டைக்கோசு நாற்றுக்கு அதை இடுவது காசைக் கரியாக்குவதே. முட்டைக்கோசுக்குப் பின் வரும் பயிருக்கு மண்ணில் பூஞ்சை குறைந்திருக்கும் என்பதால், அடுத்த பயிரின் நாற்றில் அதைச் சேர்த்தனுப்புவதற்கு மட்டும் நியாயம் உண்டு.

ஊடகம் வெறுமையாக இருக்குமிடத்தில் பூஞ்சையின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்குப் புவெர்ட்டோ ரிக்கோ தீவு நல்ல சான்று. பைன் இயல்பாக வளராத அத்தீவில் நட்ட பைன் நாற்றுகள் ஆண்டுக்கணக்கில் வெளிறிக் குன்றியே நின்றன. 1950-களில் அமெரிக்க நிலப்பகுதியின் பைன் காட்டு மண் கொண்டுவந்து இடப்பட்ட பிறகே அவை வளரத் தொடங்கின. அது வேரைப் போர்த்தும் வகைப் பூஞ்சை. பூஞ்சைகள் ஏற்கெனவே நிறைந்த வயலில் கதை வேறு. சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் உட்பூசணம் இட்டுப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானபோது, வயலுக்கு வயல் வளர்ச்சியில் 12 விழுக்காடு சரிவு முதல் 40 விழுக்காடு உயர்வு வரை வேறுபாடு காணப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு வயலில்தான் உறுதியான பயன் கிட்டியது. எந்த வயலில் பயன் கிட்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவிய குறிப்புகளுள் முதன்மையானது மணிச்சத்தின் அளவன்று, மண்ணில் இருந்த நோய்ப்பூஞ்சைகளின் மிகுதி. உணவு தேடித் தருவதைவிட வேரிடத்தை நிரப்பி நோயை நுழையவிடாமல் தடுப்பதே அந்த வயல்களில் அதன் பெரிய தொழிலாக இருந்திருக்கிறது எனக் கருத இடமுண்டு.

பையில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பல நாடுகளில் விற்கப்படும் உட்பூசணத் தயாரிப்புகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், தூய்மையாக்கிய மண்ணில்கூட அவற்றுள் பெரும்பாலானவை வேரைப் பிடிக்கவில்லை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் மைக்கோரைசா உயிர் உரத்துக்கும் வித்து எண்ணிக்கை, வேரைப் பிடிக்கும் திறன் ஆகியவற்றுக்கான தர அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் வெயிலில் நிற்கும் லாரியிலும் தகரக் கூரையின்கீழ் உள்ள கடையிலும் அந்த வித்துகளுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆலைச் சான்றிதழ் சொல்லாது. பெரிய அளவில் வாங்கும் பண்ணை, புதிய சரக்கில் ஒரு கைப்பிடியை வேகவைத்து ஆறவைத்த மணலில் கலந்து, பக்கத்தில் பூஞ்சை கலக்காத தொட்டி ஒன்றையும் வைத்து, இரண்டிலும் மக்காச்சோளமோ வெங்காயமோ விதைத்து, 45 நாள் கழித்து வேர்களை அருகிலுள்ள வேளாண் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்குக் கொண்டுபோய்ச் சாயமேற்றிப் பார்க்கச் சொல்வது போதும். பூஞ்சை கலந்த தொட்டியின் வேரில் மட்டும் நீல இழைகள் தென்பட்டால் சரக்கு நல்லது; இரண்டிலும் தென்பட்டால் மணல் சரியாக வேகவில்லை.